ஆர்லோ வாங்காத துப்பாக்கி

ஆர்லோவுக்குத் துப்பாக்கி விழுந்திருக்கிறது என்று மைக்கில் கத்தியவள் நான்தான். எங்கள் ஊரான டாமராக்கில், தீயணைப்புக் கொட்டகையில் வருடா வருடம் செப்டம்பரில் சில்லி விருந்து நடக்கும். மாட்டுக்கறியும் பீன்ஸும் அண்டா அண்டாவாகக் கொதிக்கும். சாப்பிட்டு முடித்ததும் குலுக்கல். பரிசு எப்போதும் ஒரு மான்வேட்டைத் துப்பாக்கிதான். சம்பளம் இல்லாத தீயணைப்புப் படை எங்களுடையது. வண்டிக்கு டயர் மாற்றுவதே அந்தச் சீட்டு விற்ற காசில்தான். படைக்குத் தலைவர் என் வீட்டுக்காரர் டெல்பர்ட். குலுக்கலுக்குத் தலைவி நான். என் பெயர் மார்னி. ஊரில் யாரைக் கேட்டாலும் "மூக்கு நீளமான மார்னி" என்பார்கள். அவர்கள் சொல்வது என் மூக்கை அல்ல.

பெயரைக் கூப்பிட்டதும் கொட்டகையே கைதட்டியது. ஆர்லோவைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. எங்கள் படையில் ஒருவன், மாடும் வைக்கோலுமாக ஆற்றங்கரையில் தனியாக இருப்பவன். எரிகிற வீட்டிலிருந்து கரி பூசிக்கொண்டு வெளியே வந்தாலும் வாசலில் நிற்பவர்களைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்பான். வேட்டையிலும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பரிசு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

நான் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு. கைதட்டல் பாதி ஓய்ந்த பிறகுதான் அவனுக்குச் சிரிப்பே வந்தது.

"என்னடா, இடி விழுந்த மாதிரி முழிக்கிற?" என்று டெல்பர்ட் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"ஒம் பொண்டாட்டி சில்லியில போட்ட மிளகா இப்பத்தான் வேலையக் காட்டுது," என்றான் ஆர்லோ. எல்லாரும் சிரித்தார்கள்.

குலுக்கலில் விழுந்தாலும் துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோக முடியாது. அது ஐராவின் கடைக்குப் போய்விடும். பரிசு விழுந்தவர் அங்கே போய் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். ஐரா கம்ப்யூட்டரில் ஆளைப் பற்றி விசாரிப்பார். கொடுக்கலாம் என்று பதில் வந்தால்தான் கொடுப்பார். ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. "நாளைக்கே போய் வாங்கிக்கறேன்," என்றான் ஆர்லோ.

போகவில்லை. மறுநாளும் போகவில்லை, மறுவாரமும் போகவில்லை. கழுத்தில் ஆர்லோ பெயர் எழுதிய சீட்டோடு அந்தத் துப்பாக்கி ஐராவின் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் பார்த்தான். நான் வேலை பார்க்கும் தீவனக் கடை பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் அங்கே பார்த்ததை இங்கே வந்துதான் பேசினார்கள்.

"பழைய கேஸ் ஏதோ இருக்கும். தட்டுனா கம்ப்யூட்டர் கக்கிரும்ல, அதான் பயப்படறான்," என்றான் பால் வண்டிக்காரன்.

"கேஸும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. ஸ்போக்கேன் டவுன்ல ஒருத்திகூடப் பழக்கமாம். அவ கறியே தொட மாட்டாளாம்," என்றாள் தபால்காரி.

இவர்களே ஆர்லோவை நேரில் பார்த்தால், "என்னப்பா, போலீசு தேடுதாமே?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார்கள். அவனும் சிரிப்பான். ஏன் வாங்கவில்லை என்று ஒருத்தரும் நேராகக் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. வேலி விழுந்தால் கேட்காமலே வந்து நிமிர்த்துவார்கள், வண்டி பனியில் சிக்கினால் டிராக்டர் கொண்டுவந்து இழுப்பார்கள். ஆனால் ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்து அவனைப் பற்றியே ஒரு கேள்வி கேட்பது மட்டும் மரியாதைக் குறைவு. நான் அந்த மரியாதையை எந்தக் காலத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. இருந்தாலும் ஆர்லோ விஷயத்தில் எனக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதனால் முதலில் ஐராவிடம் போனேன்.

"ஐரா அண்ணே, ஆர்லோ வந்து, குடுக்கக் கூடாதுன்னு பதில் வந்துருச்சா?"

"வந்தாலும் ஒங்கிட்டச் சொல்லக் கூடாது தாயே, சட்டம். அவன் வரவே இல்ல, அத வேணா சொல்றேன். அதுலயே ஒனக்கு ஒரு வாரம் ஓடும்."

ஓடியது. நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டேன். ஆர்லோவின் வண்டியில், இருக்கைக்குப் பின்னால் துப்பாக்கி மாட்டும் கொக்கிகளில், ஒரு மண்வெட்டி மாட்டியிருந்தது. இந்த வருடம் எப்போதிருந்து அப்படி என்று யோசித்தால் எனக்கே நினைவில்லை. அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வந்தது. விருந்தன்று அவன் இரண்டு கிண்ணம் சில்லி வாங்கினான், சோளரொட்டி வாங்கினான், சீட்டு விற்கிற மேசையை மட்டும் சுற்றிக்கொண்டு போனான். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அப்படியென்றால் அவன் பெயர் குலுக்கல் பீப்பாய்க்குள் எப்படி வந்தது?

"நான்தான் எழுதிப் போட்டேன்," என்றார் டெல்பர்ட், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "படையில எல்லார் பேரும் இருந்துச்சு, அவன் பேரு இல்ல. மறந்திருப்பான்னு போட்டேன்."

"சீட்டுல அவங்கவங்கதான் பேரு எழுதணும்னு விதி போட்டிருக்கேன்ல?"

"ஒன் விதியக் கொண்டுபோய் உப்புல போடு. அவனுக்குத்தான விழுந்துச்சு? நல்லதுதான?"

மறந்திருப்பான் என்பதை நான் நம்பவில்லை. சுற்றிக்கொண்டு போகிறவன் மறந்தவன் இல்லை. ஆனால் துப்பாக்கி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு மண்டை வெடித்துவிடும்போல இருந்தது.

அக்டோபரில் ஒருநாள் ஐராவின் கல்லாவுக்குப் பின்னால் அந்த இடம் காலியாக இருந்தது. சரி, ஒருவழியாக வாங்கிவிட்டான் என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தபால் நிலையத்தில் அவனைப் பார்த்தபோது, "என்னப்பா, வாங்கிட்ட போலயே!" என்றேன்.

"என்னத்த?"

"துப்பாக்கிய. கடையில காணோமே."

அவன் கையிலிருந்த கடிதங்களை அடுக்கினான், மறுபடி அடுக்கினான். "யாரு எடுத்தா, மார்னி?" என்று கேட்டான். வழக்கமான கேலி ஒன்றும் வரவில்லை. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அது எங்கே இருந்தது என்று அன்று சாயங்காலமே தெரிந்துபோனது. பட்டாணி எடுக்கலாம் என்று துணி துவைக்கிற அறைக்குப் போனேன். பெட்டி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கம்பளி சுற்றி அந்தத் துப்பாக்கி நின்றது. ஊரெல்லாம் துருவிய எனக்கு என் வீட்டிலேயே இருந்தது தெரியவில்லை. அதில்தான் முதலில் கோபம் வந்தது.

"யோவ், என்னய்யா செஞ்சு வச்சிருக்க?"

டெல்பர்ட்டுக்கு முகமெல்லாம் பல். "பாத்துட்டியா? வாயத் தொறக்காத. ஆர்லோ வேணாம்னுட்டான், கொட்டகைக்கே திரும்புது, எம்பேர்ல எழுதுங்கன்னு ஐராகிட்டச் சொல்லி வாங்கிட்டேன். சனிக்கெழம வேட்டை சீசன் தொறக்குது. நாளைக்கு ராத்திரி நம்ம படை போடற வேட்டைக் காம்ப்புல அவன் கூடாரத்துக்குள்ள வச்சிருவேன். காலையில கண்ணு முழிச்சுப் பாப்பான். என்னா மூஞ்சி ஆகும் பாரு!"

"அவன் ஏன் வாங்கலன்னு கேட்டியா?"

"அதெல்லாம் ஒருத்தன்கிட்டக் கேக்கறதா? கேஸு கீஸு இருக்கும், கூச்சப்படறான். பின்ன சிநேகிதன்னு நான் எதுக்கு இருக்கேன்?"

நல்ல மனசு. என் வீட்டுக்காரரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், எனக்கு எரிச்சல் மூட்டுவதும் அதுதான். அவரிடம் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. தபால் நிலையத்தில் கேட்ட குரல் என் காதை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆர்லோ வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

அவன் வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றான். தோய்த்து இஸ்திரி போட்ட சட்டை. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊரில் எந்த மாட்டுக்காரன் இஸ்திரி சட்டை போடுகிறான்?

"எங்க கெளம்பிட்ட?"

"கோர்ட்டுக்கு."

"அய்யய்யோ, அப்ப நெசமாவே கேஸா?"

அவன் சிரித்துவிட்டான். வண்டியை அணைத்தான். "கேஸ் இல்ல மார்னி. ஊருல வேற என்னென்ன சொல்றாங்க?"

சொன்னேன். ஸ்போக்கேன்காரியைச் சொன்னதும், "அவ சமைப்பாளாமா?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்த வேலை இருந்தது.

"ஆர்லோ, நேராக் கேக்கறேன். சீட்டு வாங்கல. வண்டியில துப்பாக்கி இல்ல, மண்வெட்டி இருக்கு. பரிசு விழுந்ததும் வாங்கல. ஏன்?"

அவன் வண்டியின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்தான். நானும் ஏறி உட்கார்ந்தேன். எதிரில் மாடுகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போன பிப்ரவரியில," என்றான், "ஒரு நாள் காலையில மாட்டுக்கெல்லாம் வைக்கோல் போட்டுட்டு வந்து துப்பாக்கி அலமாரியத் தொறந்தேன். வேட்டைக்கு இல்ல."

பிப்ரவரியில் நாங்கள் அவனோடு எத்தனை முறை சீட்டாடியிருப்போம். அவன் அடித்த ஜோக்கெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

"அப்புறம்?"

"அப்புறம் மூடிட்டேன். ஏன்னு தெரியல. அன்னைக்கே எல்லாத்தையும் வண்டியில ஏத்தி எல்லை தாண்டி ஐடஹோவுல எங்க அக்கா வீட்டுல போட்டுட்டு வந்தேன். வர்ற வழியில ஐரா கடை இருக்குல்ல? அதப் பாத்ததும்தான் ஒறைச்சுது. இன்னொரு காலையில எனக்கு அப்படி ஆச்சுன்னா, அவருகிட்டப் போயி ஒண்ணு வாங்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நேரா கோர்ட்டு ஆபீசுக்குப் போனேன். எனக்குத் துப்பாக்கி விக்காதீங்கன்னு நாமளே எழுதிக் குடுக்கலாம், அப்படி ஒரு சட்டம் இருக்கு. எழுதிக் குடுத்தேன். இப்ப எந்தக் கடையில போயி நின்னாலும் கம்ப்யூட்டர் இல்லைன்னுரும்."

"நீயாவே போயா? யாரும் சொல்லாமயா?"

"நானாவே."

நான் என்ன செய்ய, எனக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. "ஏன்னு கேட்டாங்களா? ஒரு மாதிரியாப் பாத்தாங்களா? டாக்டர் சீட்டு வேணுமா?"

"ஒண்ணும் கேக்கல. அடையாள அட்டை கேட்டா அந்தப் பொண்ணு, கையெழுத்துக் கேட்டா. எனக்குப் பின்னாடி நின்னவன் விவாகரத்துக்கு வந்தவன். அவன்தான் என்னயவிட அழுதுக்கிட்டு இருந்தான். வெளியவும் சொல்ல மாட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டான். "நல்லா இருக்கற அன்னைக்கு நான் எடுத்த முடிவு இது, மார்னி. நல்லா இல்லாத அன்னைக்கு இருக்கறவன் பேச்சைக் கேக்கறதா இல்ல, அவ்வளவுதான்."

"இப்ப எதுக்குக் கோர்ட்டுக்கு?"

"எழுதிக் குடுத்ததத் திரும்ப எடுக்க. ஒரு வாரம் ஆயிட்டா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம். எடுத்துட்டு, ஐராகிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கிட்டு, நாலு பேரு பாக்க அதத் தூக்கிட்டு ஊருக்குள்ள நடக்கறேன். எத்தன நாளைக்கு நான் திருடன்னு பேசுவீங்க? டெல்பர்ட்கூட நேத்து 'எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்டா'ங்கறான், ஆளக் கொன்னவன்கிட்டச் சொல்ற மாதிரி. காம்ப்புக்கு வெறுங்கையோட போயி நான் என்ன சொல்லட்டும்?"

"பிப்ரவரி மறுபடி வருமே, ஆர்லோ."

எனக்கு அந்த நிமிடம் ஊர் மீது அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, என் மீதும்தான். ஒருவன் தன் உயிருக்குத் தானே வேலி போட்டுக்கொண்டான். நாங்கள் ஆளுக்கு ஒரு கட்டையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தோம், அதுவும் பாசத்தில். சொல்லாமல் விடக்கூடாது என்று டெல்பர்ட்டின் திட்டத்தையும் சொன்னேன்.

ஆர்லோ பின்பலகையிலிருந்து இறங்கினான். "என் கூடாரத்துலயா?" என்றான். "இன்னைக்கு ராத்திரியா?" அப்புறம், "நான் தூக்கம் வராம முழிச்சுக் கெடக்கற எடம் அதுதான் மார்னி," என்றான்.

"அது அங்க வராது. நீயும் கோர்ட்டுக்குப் போகாத. எனக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் குடு."

"டெல்பர்ட்கிட்டச் சொல்லப்போறியா?"

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா?" என்றான்.

"நான்தான்டா. வாய மூடிட்டு மாட்டப் போயிப் பாரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆர்லோ ஏன் வாங்கவில்லை என்பதை ஊர் மறக்கவேண்டும் என்றால், மெல்லுவதற்கு அதைவிட ருசியாக ஒன்றை நான் கொடுக்கவேண்டும். இந்த ஊருக்கு என்ன ருசிக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? மதியமே கொட்டகைக்குப் போனேன். காம்ப்புக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த எல்லாரும் இருந்தார்கள். பெஞ்சின் மேல் ஏறி நின்றேன்.

"ஆர்லோவுக்கு விழுந்த சீட்டு செல்லாது. அவன் சீட்டே வாங்கல. அவன் பேர எழுதிப் பீப்பாயில போட்டது நான்தான். இது தெரிஞ்சுதான் அவன் துப்பாக்கிய வாங்க மாட்டேன்னுட்டான், என்னயக் காட்டிக் குடுக்கக் கூடாதேன்னு வாயையும் மூடிக்கிட்டான். இப்பவே மறுபடி குலுக்கறோம்."

ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"விதி விதின்னு எங்க உசிர எடுத்தவ யாரு?"

"போன வருசம் ஒந் தம்பிக்கு விழுந்துச்சே, அதுவும் நீ எழுதுனதுதானா?"

"ஒம் பேர எத்தன தடவ போட்ட, மார்னி?"

குலுக்கலில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த ஒன்றில்தான் எனக்குக் கர்வமே. அன்றைக்கு அது போனது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். டெல்பர்ட் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் "அது நான்" என்று சொல்ல வருவது தெரிந்து அவரை ஒரு பார்வை பார்த்தேன். இருபத்தைந்து வருடத்துக் கல்யாணத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமல் இருக்குமா? மூடிக்கொண்டார். மறுகுலுக்கலில் துப்பாக்கி லூத்தரன் சர்ச் பாதிரியாருக்கு விழுந்தது. அதில் வேறு எனக்கு இரண்டு நாள் கிண்டல்.

வீட்டில் டெல்பர்ட் விடவில்லை. "என்னடி விசயம்? ஆர்லோ என்ன சொன்னான்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒங்கிட்ட ஒண்ணும் இல்லாம இருக்குமா?"

"இருக்கும்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கஷ்டமான சொல் அது. ஆர்லோ அந்த வருடம் காம்ப்புக்குப் போய்ச் சமைத்துப் போட்டான். படையே நன்றாகச் சாப்பிட்டது. அவன் ஏன் சுடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மார்னி என்கிற மோசடிக்காரியைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

நவம்பரில் தீவனம் வாங்க வந்த ஆர்லோ, கடையில் ஆள் குறையும்வரை மாடு நக்குகிற உப்புக்கட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் என்னிடம் வந்தான்.

"அந்தக் கோர்ட்டு காகிதத்துல ஒரு எடம் இருக்கு. நான் திரும்ப எடுத்தேன்னா யாருக்குத் தெரியப்படுத்தணும்னு ஒருத்தர் பேரு குடுக்கலாம். அன்னைக்கு வெறுமனே விட்டுட்டேன். இப்பப் போயிப் புதுசா எழுதிக் குடுக்கப்போறேன். ஒம்பேரப் போடட்டுமா?"

"நானா? ஒன் சிநேகிதன் டெல்பர்ட்ல?"

"டெல்பர்ட்டுக்குத் தகவல் போச்சுன்னா, அவனுக்கு ஏதோ காரணம் இருக்கும், நமக்கென்னன்னு மரியாதையா விட்டுருவான். இந்த ஊருல எல்லாரும் விட்டுருவாங்க. நீ காலுல செருப்பு மாட்டாம வந்து நின்னு ஏன்டான்னு கேப்ப."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். ஊரே கேலி செய்கிற என் குணத்தை ஒருவன் கேட்டு வாங்க வந்திருந்தான். "போட்டுக்கோ," என்றேன்.

கோர்ட்டிலிருந்து எனக்கு இதுவரை ஒரு தகவலும் வரவில்லை. ஆனால் தகவல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை ஏது? பிப்ரவரி பிறந்து முதல் பெரும்பனி விழுந்த காலையில் ஆர்லோ வீட்டுக் கதவைப் போய்த் தட்டினேன்.

"என்ன மார்னி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எப்படி இருக்கன்னு கேக்க வந்தேன்."

வழக்கமாக அவன் ஏதாவது ஒரு ஜோக் சொல்வான். அதற்கு அவன் வாய் திறப்பதைப் பார்த்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டான்.

"இன்னைக்கு நல்லா இல்ல," என்றான்.

நான் உள்ளே போய்க் கோட்டைக் கழற்றினேன்.